கறுப்பு வேட்டியும் ஐந்தாம் பெட்டியும்

தேன்பெட்டியைத் திறக்கக் கூப்பிடவே கூடாத ஆளைத்தான் அன்று நான் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. கார்த்திகை மாதம். என் வீட்டுக்காரர் பாண்டீஸ்வரன் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு, மழிக்காத தாடி, நெற்றியில் ஜவ்வாது மணக்கும் சந்தனம். தேனீக்கு எதெல்லாம் ஆகாதோ அதையெல்லாம் ஒரே உடம்பில் சேர்த்து வைத்திருந்தார் மனிதர்.

வேறு வழியில்லை. என்னோடு வேலை பார்க்கும் பொன்னுத்தாய், மகள் பிரசவத்துக்குப் போய்விட்டாள். ஐந்தாம் பெட்டியை ஒற்றை ஆளாகத் திறக்க முடியாது. ஒருவர் புகை போட வேண்டும், ஒருவர் அடைகட்டிய சட்டத்தைத் தூக்க வேண்டும். மற்ற ஏழு பெட்டிகளும் பசுமாடு மாதிரி. இது மட்டும் மூடியில் கை வைத்தாலே மூஞ்சிக்கு வரும்.

பெட்டிகள் இருப்பது பரளச்சிப் பக்கம் ஒரு முருங்கைத் தோப்பில். தோப்புக்காரர் நவநீதகிருஷ்ணன், அருப்புக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அவர் மகள் ரோஷினி போன வாரம் செண்டு அடித்துக்கொண்டு வந்து, பெட்டிக்கு நேர் முன்னால் நின்று செல்ஃபி எடுத்திருக்கிறது. கன்னத்தில் உட்கார்ந்த ஈயைப் பட்டென்று அடித்திருக்கிறது. ஒன்றை அடித்தால் அந்த வாடைக்கு மற்றதெல்லாம் வந்து விழும். பாவம், பிள்ளை முகம் வீங்கிக் கண் தெரியவில்லை.

“பொங்கலுக்குச் சொந்தபந்தம் எல்லாரும் தோப்புக்கு வருவாக. அப்ப ஒரு ஈ வெரட்டுனாலும் எட்டுப் பெட்டியும் ரோட்டுக்குப் போயிரும், பாத்துக்க” என்று சொல்லிவிட்டார் முதலாளி.

தண்ணீரும் பூவும் உள்ள வேறு தோப்பு இந்தக் கரிசலில் எனக்கு யார் தருவார்கள்? அடுத்தவர் காட்டுக்குக் களையெடுக்கப் போவதை இந்தப் பெட்டிகளை நம்பித்தான் விட்டிருந்தேன். மறுபடி குனிய மாட்டேன் என்று எனக்கு வைராக்கியம் வந்துவிட்டது.

பெட்டியின் குணம் ராணியிடமிருந்து வருவது. கோபக்கார ராணியை நசுக்கிவிட்டு, மறுநாள் சாதுவான பெட்டியில் வளர்ந்த ராணியை வைத்தால், பழைய ஈக்கள் வயதாகிக் கழிந்து பொங்கலுக்குள் பெட்டியே அடங்கிவிடும். அதைச் சொன்னதும் சாமி முறைத்தார். மாலை போட்டதிலிருந்து நான் அவரைச் சாமி என்பதும், அவர் என்னை அம்மா என்பதும் எங்கள் வீட்டுக் கூத்து.

“மாலை போட்ட வீட்ல உசுரக் கொல்றதாம்மா? வேற பெட்டியில ஒதுக்கி விடுங்க.”

“விட்டா அங்கயும் இதே ரவுடிகளத்தான பெத்துப் போடும், சாமி?”

“நான் பொகை மட்டும் போடுறேன். மத்தது எதையும் ஏங் கண்ணு முன்னால செய்யாதீக.”

சரி என்றேன். சந்தனத்தைக் கழுவச் சொன்னேன், கழுவினார். கறுப்பைக் கண்டால் கரடி வந்துவிட்டது என்று ஈ நினைத்துக்கொள்ளும் என்பேன் நான். அதனால் மேலே ஒரு வெள்ளைப் போர்வையைச் சுற்றிவிட்டேன். “உள்ள கறுப்புதான இருக்கு, ஐயப்பன் கோவிக்க மாட்டாரு” என்றேன். முனகிக்கொண்டே பொன்னுத்தாயின் முகவலையை மாட்டினார். இருவரும் ஒரே மாதிரி நின்றோம், எனக்குச் சிரிப்பு வந்தது.

வெயில் ஏறி, வயதான ஈக்கள் பூவுக்குப் போன நேரம். பெட்டியின் வாசலுக்கு எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்றோம். வாசலில் கொஞ்சம் புகை விட்டுக் காத்திருந்தோம். பிறகு மூடியை ஓசையில்லாமல் நகர்த்தினேன். உள்ளே ‘ஸ்ஸ்’ என்று ஒரு சீற்றம் ஓடியது. தட்டாமல், முட்டாமல், ஒவ்வொரு சட்டமாகத் தூக்கிப் பார்த்தேன். நாலாவது சட்டம் ஈ மொய்த்துக் கனமாக வந்தபோது சாமி மெல்லச் சொன்னார்.

“அம்மா, வலைக்குள்ள ஒண்ணு வந்துருச்சு.”

திரும்பிப் பார்த்தேன். ஐயோ! வலையின் நாடா கழுத்தை ஒட்டி இறுகாமல் துளசிமாலையின் மேலேயே கட்டப்பட்டிருந்தது. மணிகளுக்கு நடுவே இடைவெளி. ஈ தாடிக்குள் புகுந்து சிக்கிக்கொண்டு ரீங்கரித்தது. என் இரண்டு கையும் சட்டத்தில். அவர் கையைத் தூக்கி ஒரு அடி அடித்தால் போதும், தோப்பே எங்கள் மேல் விழும்.

“அடிச்சிராதீக சாமி. அப்படியே மெள்ளத் திரும்பி நடந்து போங்க.”

“நான் போனா ஒனக்குப் பொகை யாரு போடுவா?”

நகரவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். கொட்டியது தெரிந்தது, தாடை ஒரு தரம் வெட்டி இழுத்தது. கொட்டின வாடைக்கு மற்றவை முகவலையில் மழை மாதிரி வந்து மோதின. நான் வாயைத் திறப்பதற்குள் புகைப்பானைத் தன் முகத்துக்கே திருப்பி, வாடை அடங்கும்வரை தனக்குத் தானே புகை போட்டுக்கொண்டார். இருமலை அடக்கிக் கண்ணீர் வழிய நின்றார்.

அப்போதுதான் ராணி என் கண்ணில் பட்டது. அடையின் ஓரத்தில், கறுத்து நீண்ட உடம்போடு ஓடிக்கொண்டிருந்தது. சட்டத்தைப் பெட்டி விளிம்பில் சாய்த்துவிட்டு, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்துப் பிடித்துவிட்டேன். பிடித்தவளுக்கு நசுக்க வரவில்லை. உயிரைக் கொல்லக் கூடாது என்று ஒரு மனிதர் என் முன்னால் கொட்டு வாங்கி நிற்கிறாரே! கன்னம் வீங்கி, ஒரு கண் மூடிப் போய், மற்றக் கண்ணால் என் விரல்களையே பார்த்தார். அன்றைக்கு விட்டால் அப்புறம் அது கண்ணில் படாது, இருவருக்கும் தெரியும்.

“சாமி, அங்கிட்டுத் திரும்பிக்கங்க” என்றேன்.

திரும்பவில்லை. “மாலை ஏங் கழுத்துலதான் கெடக்கு, அனுசியா. ஒங் கழுத்துல இல்ல. செய்யி” என்றார்.

செய்தேன். அவர் சட்டத்தின் மேல் லேசாகப் புகை விட்டார். நான் அழுதுகொண்டே சட்டங்களை ஒவ்வொன்றாக, ஒரு ஈகூட நசுங்காமல், பெட்டிக்குள் இறக்கினேன்.