அண்ணி அடுக்கிய தட்டுகள்

“வாங்க வாங்க, உங்களைத்தான் பார்த்துட்டே இருந்தோம். உள்ளே வாங்கம்மா.”

பெண் பார்க்க வந்தவர்களை வரவேற்பதுபோல் அண்ணியின் குரல் வாசலில் குழைந்தது. உள்ளே கை கழுவிக்கொண்டிருந்த பல் டாக்டர் சட்டென்று குழாயை மூடினாள். வந்தாச்சு.

வந்தவர் சுகாதாரத் துறை ஆய்வாளர். பல் டாக்டர்கள் தங்களுக்குள் அந்த அம்மாளுக்கு வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. அடுத்த தெரு கிளினிக்கின் கதவில் அவர் ஒட்டிவிட்டுப் போன தாள் மழையில் நைந்து எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. கதவு மட்டும் இன்னும் திறந்தபாடில்லை. இவள் சொந்தமாகப் போர்டு மாட்டிய பிறகு வரும் முதல் ஆய்வு இது. தன் கதவிலும் ஒரு தாள் விழுந்துவிட்டால் அதன்பின் யார் இவளை நம்பி வாயைத் திறப்பார்கள்?

போதாததற்கு, கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் உதவிப் பெண் காய்ச்சலில் படுத்துவிட்டாள். கூட இருப்பது அண்ணி, அதாவது கணவரின் அக்கா மட்டும்தான். போனும் வரவேற்பு மேசையும் அவர் ராஜ்ஜியம். கருவிகள் பக்கம் அவர் வருவதே கிடையாது.

ஆய்வாளர் வேலையைத் தொடங்கினார். ஆக்சிஜன் சிலிண்டரின் முள்ளைக் குனிந்து பார்த்தார். அவசர மருந்துகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பி, காலாவதித் தேதியைப் படித்தார். பயன்படுத்திய ஊசிகளைப் போடும் டப்பாவை ஆட்டிப் பார்த்தார்.

“சுத்தமாத்தான் இருக்கு.”

“காலையில விடியறதுக்குள்ள வந்துட்டேன்மா” என்றார் அண்ணி. “மூலை முடுக்கெல்லாம் துடைச்சேன். நம்ம டாக்டருக்கு இதெல்லாம் எங்க நேரம்?”

“அண்ணி, வெளியில போன் அடிக்குது பாருங்க.”

“அடிக்கலியே.”

“அடிக்கும். போய்ப் பாருங்க.”

அண்ணி போன வேகத்தில் திரும்பி வந்தார். போன் வரவில்லை, ஒரு லாரி டிரைவர் வந்திருந்தார். துண்டால் தாடையைக் கட்டியிருந்தார். “டாக்டரம்மா, ராத்திரி பூரா தூங்கலை. கடைவாய்ப் பல்லு ஆடுது, ஆனா விழமாட்டேங்குது. என் மச்சினன் மாதிரி, வந்தவன் போகமாட்டேங்கிறான்.”

அவரை நாற்காலியில் சாய்த்துவிட்டு, டாக்டர் கருவிகள் இருக்கும் இழுப்பறையைத் திறந்தாள். காலி. நீராவி இயந்திரத்தில் வெந்து, கவருக்குள் மூடி ஒட்டியபடியே இருக்கவேண்டிய கருவிகளில் ஒன்றுகூட இல்லை.

“இங்க இருக்கு, இங்க இருக்கு” என்று அண்ணி கிசுகிசுத்து, மேசைமேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியை விலக்கினார்.

பளபளவென்று நான்கு தட்டுகள். குறடுகள் உயரவாரியாக, வாய்க் கண்ணாடிகள் ஒரே பக்கம் பார்த்தபடி.

“கவரெல்லாம் எங்க அண்ணி?”

“குப்பையில போட்டுட்டேன். கசங்கிப் போய், ஓரமெல்லாம் பழுப்பேறி, பார்க்கவே சகிக்கலை. வர்றவங்க முன்னாடி அதையா வைக்கிறது? புதுத் துணியால ஒவ்வொண்ணையும் துடைச்சு அடுக்கினேன்.”

“எல்லாத்தையும் பிரிச்சிட்டீங்களா?”

“ஒண்ணு விடாம!” அண்ணியின் முகமெல்லாம் பெருமை.

அந்தப் பழுப்புதான் நீராவி உள்ளே போய் வந்ததற்கு அத்தாட்சி. அதை இப்போது எப்படிச் சொல்வது? டாக்டர் தட்டைப் பார்த்தாள். ஆய்வாளர் அறையின் மறுகோடியில் எக்ஸ்ரே இயந்திரத்துக்குப் பின்னால் குனிந்திருந்தார். முதுகு மட்டும்தான் தெரிந்தது. கருவிகள் வெந்தது நேற்றுதான். பார்ப்பவர் கண்ணுக்குக் குறையே தெரியாது. ஒரு குறடை எடுத்தால் போதும், பல்லும் போய்விடும், பிரச்சினையும் போய்விடும்.

“எதையாவது வச்சுப் புடுங்குங்கம்மா” என்று டிரைவர் முனகினார். “சுத்தியலா இருந்தாலும் சரி.”

நீட்டிய கை பாதியில் நின்றது. இந்த வாய்க்குள் இதையா வைப்பது?

“இப்ப முடியாதுங்க” என்றாள். “கருவியெல்லாம் கவரைப் பிரிச்சு வெளியில வச்சாச்சு. திரும்பக் கழுவி, மெஷின்ல வேகவச்சுத்தான் தொடணும். வலி குறைய மாத்திரை தர்றேன். கொஞ்சம் பொறுத்துக்கங்க.”

எக்ஸ்ரே இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து ஆய்வாளரின் தலை நிமிர்ந்தது.

“யார் பிரிச்சது?”

“என் பொறுப்புதான் மேடம்.”

“பொறுப்பு யாருதுன்னு கேக்கலை. கை யாருது?”

அண்ணிக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. தட்டைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். “அடிப் பாவி, முதல்லயே சொல்லக்கூடாதா!” என்றவர், ஆய்வாளர் பக்கம் திரும்பி, “என் கைதான்மா. இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. பூட்டறதுன்னா என்னை வெளியில வச்சுப் பூட்டுங்க, இவளை விட்டுடுங்க” என்றார். கண் கலங்கிவிட்டது.

“தினம் இப்படித்தான் நடக்குதா? நான் இன்னைக்கு வரலேன்னா?”

டாக்டருக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ. “நீங்க வரலேன்னா அண்ணி கவரைத் தொட்டிருக்கவே மாட்டாங்க மேடம். உங்களுக்காகத்தான் இவ்வளவு அலங்காரமும்.”

நாற்காலியிலிருந்து துண்டு கட்டிய தாடையோடு ஒரு சிரிப்பு கிளம்பியது. “ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது!” அதைக் கேட்டதும் பூதக்கண்ணாடியின் உதடும் மெல்லக் கோணியது. கடைசியில் அவரும் சிரித்துவிட்டார்.

“சரி, வேகவைங்க. இருந்து பார்த்துட்டே போறேன்.”

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு இயந்திரத்துக்கு எதிரே உட்கார்ந்தார். டாக்டர் கருவிகளைத் தேய்த்துக் கழுவியதையும், காயவைத்துப் புதுக் கவரில் போட்டு ஒட்டியதையும், இயந்திரத்தின் கதவை முறுக்கி மூடியதையும் கண் இமைக்காமல் பார்த்தார். இயந்திரம் உஸ்ஸென்று ஆவி விட்டு அடங்கியதும் முதல் கவரைத் தானே வாங்கி ஓரத்தைக் கவனித்தார்.

“இந்த நிறத்தைப் பார்த்துக்கங்க” என்று அண்ணியிடம் நீட்டினார். “இதுதான் அழகு.”

“அழகுதான்மா, அழகுதான்” என்றார் அண்ணி அவசரமாக.

பல் ஒரு முறுக்கில் வந்துவிட்டது. டிரைவர் பஞ்சைக் கடித்தபடி இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஆய்வாளர் பையை மாட்டிக்கொண்டார். “கிளினிக் நடக்கலாம். வேலை பார்க்கிற எல்லாருக்கும், அண்ணி உட்பட, கருவிகளைப் பத்தி வகுப்பு எடுக்கணும்னு குறிப்பு எழுதியிருக்கேன். அடுத்த மாசம் வந்து அண்ணிகிட்டத்தான் கேள்வி கேப்பேன்.” வாசல்வரை போனவர் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். “நான் அந்தப் பக்கம் குனிஞ்சிருந்தப்ப அந்தத் தட்டுலேருந்து எடுத்திருக்கலாம். நீங்க எடுக்கலை.”

அவ்வளவுதான். போய்விட்டார்.

டாக்டர் நோயாளி நாற்காலியிலேயே பொத்தென்று சாய்ந்தாள். அண்ணி பக்கத்தில் வந்து நின்றார்.

“என் மேல கோவமா?”

“கோவப்படக்கூடத் தெம்பில்லை அண்ணி.”

“அப்ப சரி, தெம்பு வந்தப்புறம் திட்டிக்கோ” என்று அவள் தலையை ஒருமுறை தடவிவிட்டு, அண்ணி வெளியே எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார். “யாருப்பா அடுத்தது? வாங்க வாங்க, கிளினிக் திறந்துதான் இருக்கு!”