திங்கட்கிழமை எட்டு மணி ரயில்

ஞாயிறு தவறாமல் அலைந்து ஏழு புறநகர்களில் வீடு பார்த்தோம். ஏழாவது ஊரில் மூன்று அறை, தோட்டம் என்றதும் என் வீட்டுக்காரர் மயங்கிவிட்டார். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வாடகைக்குப் பார்த்து வைத்திருந்த இரண்டறை வீடு அவருக்குப் புறாக்கூடாம்.

"ரயில்ல இருபதே நிமிஷம்! இன்னும் என்ன யோசனை?"

"ஞாயித்துக்கிழமை காலி ரயில்லதானே போனோம்? திங்கக்கிழமை அங்க போய், எட்டு மணி ரயில்ல ஆபீசுக்கு வாங்க. அப்புறம் பேசலாம்."

"எதுக்கெடுத்தாலும் நொட்டை!" என்று முறைத்தவர், திங்கட்கிழமை வீம்புக்குக் கிளம்பினார்.

பத்து மணிக்குப் போன் வந்தது.

"மூணு ரயிலை விட்டு நாலாவதுல தொங்கினேன். ஒத்தைச் செருப்பு தண்டவாளத்துல போயிடுச்சு."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"அந்தப் புறாக்கூட்டு வாசல்ல. சாவி யார்கிட்ட வாங்கணும்?"

"யார்கிட்டயும் வேண்டாம். நான் சனிக்கிழமையே வாங்கிட்டேன்."