எட்டுக் கிலோ கூடுதல்

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. லிஃப்ட் சோதிப்பது என் வேலை. ஒரு நாளைக்கு நான்கைந்து கட்டடங்கள். மேலே கீழே, கீழே மேலே என்று ஓடுவேன். வீட்டுக்கு வந்த பிறகும் கால் நிற்காது. "கொஞ்சம் உட்காரேன், தரை தேஞ்சுடப் போகுது" என்பார் வீட்டுக்காரர். அந்த மாதம் தரை நிஜமாகவே தேய்ந்திருக்கும். மகளுக்கு ஒரு நல்ல பயிற்சி முகாம் தேடிக்கொண்டிருந்தேன்.

மகளுக்குப் பதினாறு வயது. போல் வால்ட் வீராங்கனை. நீளக் கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, பள்ளத்தில் ஊன்றி, எகிறி, குறுக்குக் கம்பியைத் தாண்டி மெத்தையில் விழும் அந்த விளையாட்டுதான். ஊர் உலகத்தில் பந்து, மட்டை என்று எத்தனையோ இருக்க, இதைப் போய்ப் பிடித்தாளே என்று தலையில் அடித்துக்கொண்டவள் நான். ஆனால் அவள் தலைகீழாக மேலே போய் அந்தரத்தில் ஒரு நொடி நிற்கும்போது எனக்கு அழுகை வரும். பெருமையா, பயமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஏழு மாதத்துக்கு முன்னால் விழுந்துவிட்டாள். கம்பை ஊன்றி எகிறினாள். பாதி தூரம் போனதும் கம்பு அப்படியே பின்னுக்குத் தள்ளி, ஓடுபாதையில் கொண்டுவந்து போட்டது. குதிகால் எலும்பில் விரிசல், நாற்பது நாள் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த பிறகு ஓட்டமெல்லாம் அதே அழகுதான். ஆனால் கடைசி அடியில் கம்பைக் கீழே விட்டுவிட்டு, மெத்தையைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறாள். ஒரு நாள் இல்லை, தினமும்.

நான் சும்மா இருப்பேனா? "மனசுல தைரியம் வேணும்டி" என்று காலையும் மாலையும் ஓதினேன். மனநல ஆலோசகரிடம் மூன்று முறை கூட்டிப் போனேன். அவர் எதிரே அவளை உட்காரவைத்து, "எனக்குப் பயமா இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லவைத்தேன். சொன்னால் பயம் போய்விடும் என்றார்கள். போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்.

"இந்த லீவுல ஒரே ஒரு கேம்ப்மா. அதுலயும் கால் தரையை விட்டுக் கிளம்பலைன்னா விட்டுடறேன். கம்பைத் தொட மாட்டேன்."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன். அவள் துண்டை நாலாக மடித்தபடி சொன்னாள். ஆறு வாரத்தில் தேர்வுப் போட்டி வேறு. ஒரே ஒரு முகாம். தப்பான முகாமைப் பிடித்தால் கதை முடிந்தது.

அலுவலகத்தில் லிஃப்ட்டுக்குச் சோதனைப் படிவம் உண்டு. அதே மாதிரி முகாமுக்கும் ஒன்று போட்டேன். நாற்பத்திரண்டு கேள்விகள். மகள் அதற்கு விசாரணைக் கமிஷன் என்று பெயர் வைத்தாள். "மாப்பிள்ளை பார்க்கறவங்ககூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்க" என்றார் வீட்டுக்காரர். மாப்பிள்ளை சரியில்லை என்றால் திரும்பி வந்துவிடலாம், கழுத்து போனால் வருமா என்று கேட்டேன்.

முதல் முகாம் நகரத்தின் பெரிய மைதானத்தில். அதன் தலைமைப் பயிற்சியாளரின் முகம் பேருந்து நிறுத்தம் தவறாமல் ஒட்டப்பட்டிருந்ததால் அவரைச் சுவரொட்டி என்றே வைத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் ஐம்பது பேர், மெத்தை ஒன்று. சுவரொட்டி தன் பதக்கங்களைப் பற்றிப் பேச, நான் மெத்தையைப் பார்த்தேன். இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். ஏறி நின்று நடுவில் ஒரு குதி குதித்தேன். கால் தொடை வரைக்கும் இடுக்கில் இறங்கிவிட்டது.

"மா, மானத்தை வாங்காதே!" என்று மகள் பல்லைக் கடித்தாள்.

"என் கால் போனதால தெரிஞ்சுது. உன் தலை போயிருந்தா?"

இரண்டு பேர் வந்து என்னை வெளியே இழுத்தார்கள். சுவரொட்டிக்கு முகத்தில் ஈயாடவில்லை.

இரண்டாவது, குளிரூட்டிய உள்ளரங்கம். தரை பளபள, மெத்தை புத்தம் புதுசு, குளிக்க வெந்நீர். முப்பத்தைந்து கேள்விக்குச் சரி போட்டுவிட்டேன். அப்புறம் கம்புகளைக் காட்டச் சொன்னேன். மொத்தமே ஆறு. "ஆளாளுக்கு எடை வேறயாச்சே, எல்லாருக்கும் இதுவேவா?" என்றேன். "பழகிப்பாங்க மேடம்" என்றார் அங்கிருந்தவர். லிஃப்ட் கயிறு பற்றி இப்படி எவனாவது பதில் சொன்னால் அந்தக் கட்டடத்துக்கே பூட்டுப் போடுவேன்.

"உனக்கு எந்த இடமும் பிடிக்காது" என்றாள் மகள், வீடு திரும்பியதும் வாசலிலேயே. "நான் போகக் கூடாதுன்னுதான் தேடறியா?"

சுருக்கென்றது. இல்லை என்று கத்தினேன். அவள் உள்ளே போய்விட்டாள். நான் வாசலுக்கும் தெருமுனைக்கும் எட்டு தடவை நடந்தேன்.

மூன்றாவது முகாமை நடத்துபவள் மற்ற நாள்களில் எலும்பு மருத்துவமனையில் பிசியோதெரபி பார்ப்பவள். எல்லாரும் அவளைப் பிசியோ என்றே கூப்பிட்டார்கள். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். தொலைபேசியில் மகள் விழுந்ததைச் சொல்லிவிட்டு என் கேள்விகளை ஆரம்பித்தேன்; மூன்றாவதிலேயே அவள் குறுக்கே புகுந்தாள்.

"விழுந்தப்போ எங்கே விழுந்தா? மெத்தைப் பக்கமா, ஓடி வந்த பக்கமா?"

"ஓடி வந்த பக்கம்."

"ம்."

"ம்-னா என்ன அர்த்தம்?"

"பார்த்தாத்தான் சொல்ல முடியும். எட்டுப் பேருக்கு மேல சேர்க்கறதில்ல, ஒரு இடம் இருக்கு. ஃபார்ம் அனுப்பறேன், நிரப்பிக் கொண்டு வாங்க."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. கேள்வி கேட்பது யார் வேலை? ஆனாலும் அந்த 'ம்' என்னை நிலைகொள்ளவிடவில்லை. இவ்வளவு நாளில் எந்தப் பக்கம் விழுந்தாள் என்று யாருமே கேட்டதில்லை. ஆலோசகர்கூட. நான்கூட.

படிவத்தில் பெயர், வயது, உயரம், எடை. எடைக்கு ஐம்பத்தெட்டு என்று எழுதினேன்.

மகளின் எடை ஐம்பது.

இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் அவளைக் கிளப்பில் சேர்த்தபோதே ஆரம்பித்த பழக்கம் இது. அங்கே தடை ஓட்டம் சொல்லிக்கொடுக்கும் சார்தான் போல் வால்ட்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். எடை எதற்கு என்று கேட்டேன். "கம்பு உடைஞ்சிடக் கூடாதுல்ல, அதுக்குத்தாம்மா" என்றார். அவ்வளவுதான், எனக்குள் இருந்த சோதனைக்காரி விழித்துக்கொண்டாள். நூறு கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தால் நூற்றிருபத்தைந்து ஏற்றிப் பார்ப்பவள் நான். பாதுகாப்புக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதல். உண்மையான எடையோடு எட்டுக் கிலோ கூட்டி எழுதினேன். வருடா வருடம் எடை கேட்டபோதெல்லாம் அதே எட்டைக் கூட்டினேன். கனமான ஆளுக்குச் செய்த கம்பு, என் ஒல்லிப் பெண் கையில் எப்படி உடையும்? அந்த சார் கம்புகளில் ஆள் எடை எழுதியிருந்த இடத்தின் மேல் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நாடா சுற்றி, பதிவேட்டைப் பார்த்துக் கொடுப்பார். விழுவதற்கு முந்தின மாதம்தான் மகளை மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாற்றினார். சிவப்பு கிடைத்ததில் அவளுக்குப் பெருமைகூட.

விடுமுறையின் முதல் திங்கள், காலை ஏழு மணிக்குப் போய் இறங்கினோம். கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு பழைய மைதானம். பளபளப்பு எதுவும் இல்லை. மெத்தை ஒரே துண்டு. மேலே ஓர் உறை போட்டு இறுக்கியிருந்தார்கள். கம்பு ஊன்றும் பள்ளத்தின் விளிம்பைச் சுற்றிப் பஞ்சு வைத்த பட்டை. சுவரோரம் தாங்கியில் முப்பது கம்புகளாவது இருக்கும். ஒவ்வொன்றிலும் எடை கொட்டை எழுத்தில். ஒரு மூலையில் நோயாளிகளை நிறுத்தும் எடை இயந்திரம். என் நாற்பத்திரண்டு கேள்வியில் எடை இயந்திரம் இல்லை.

பிசியோ படிவத்தைப் படித்தாள். மகளை ஏற இறங்கப் பார்த்தாள். மறுபடி படிவத்தைப் பார்த்தாள்.

"ஷூவோட ஏறி நில்லும்மா."

மகள் ஏறினாள். ஐம்பது புள்ளி ஆறு.

"ஃபார்ம்ல ஐம்பத்தெட்டுன்னு இருக்கே. உடம்பு சரியில்லாம இளைச்சிட்டியா?"

"இல்லக்கா. நான் எப்பவுமே இப்படித்தான்."

"கிளப்புல எந்தக் கம்பு குடுத்தாங்க?"

"சிவப்பு."

"சிவப்புன்னா எத்தனை கிலோ?"

மகளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், ஒரு நாள் நாடாவைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்திருக்கிறேன். அறுபது என்று பார்த்துவிட்டு நிம்மதியாக ஒட்டியவள் நான். வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது.

"அறுபது" என்றேன். "எடையை நான்தான் கூட்டி எழுதினேன். கம்பு உடையக் கூடாதுன்னு."

பிசியோ திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தித் தப்பித்திருப்பேன். அவள் கையிலிருந்த பேனாவை வளைப்பது போலப் பிடித்துக் காட்டினாள்.

"கம்பு வளையணும், வளைஞ்சு நேரா எழுந்து ஆளை மெத்தைக்குக் கொண்டு போகணும். இவளைவிடப் பத்துக் கிலோ கூடுதலான ஆளுக்கு உள்ள கம்பு இவளுக்கு வளையாது, எழுந்தும் வராது. பாதியில நின்னு, வந்த வழியே திருப்பித் தள்ளும். இந்த வயசுல அதைச் சமாளிக்கிற வேகம் யாருக்கும் இருக்காது." அப்புறம் மகள் பக்கம் திரும்பினாள். "உன்மேல தப்பில்ல. கடைசி அடியில கையை விட்டுட்டுப் போறியே, அது பயம் இல்ல. இது தூக்காதுன்னு உன் உடம்புக்குத் தெரிஞ்சிருக்கு."

மகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படிச் சொல்ல? கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"மூணு தடவை" என்றாள். "அந்த ரூம்ல உட்கார வச்சு எனக்குப் பயமா இருக்குன்னு சொல்ல வச்சியேம்மா. நானும் நம்பினேன். ஏழு மாசமா நான் கோழைன்னே நினைச்சிட்டிருந்தேன்."

எத்தனை லிஃப்ட், எத்தனை கயிறு, எத்தனை படிவம். பெற்ற பெண்ணைக் காப்பாற்றுகிறேன் என்று நானே தள்ளிவிட்டிருக்கிறேன்.

பிசியோ ஐம்பத்திரண்டு என்று எழுதியிருந்த கம்பை எடுத்துக் கொடுத்தாள். குறுக்குக் கம்பி வைக்கவில்லை. ஆறே அடி ஓட்டம். முதல் தடவை மகள் பழக்கதோஷத்தில் கையை விட்டுவிட்டாள். பிசியோ கம்பை எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டாவது தடவையும் அதேதான். நான் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது தடவை ஊன்றினாள். கம்பு வளைந்தது. வளைந்து, எழுந்து, அவளைத் தூக்கிக்கொண்டு போய் மெத்தையின் நட்டநடுவில் போட்டது.

கொஞ்ச நேரம் அப்படியே மல்லாந்து கிடந்தாள். அடிபட்டுவிட்டதோ என்று தூக்கிவாரிப்போட்டது. அப்புறம்தான் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஏழு மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

"அக்கா, இன்னொரு தடவை!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். என் பக்கம் திரும்பவில்லை. ஒன்பது தடவை எகிறினாள். ஒரு தடவையும் திரும்பவில்லை. சரிதான், எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பது? பையை எடுத்துக்கொண்டு மெதுவாகக் கிளம்பினேன். முகாம் பத்து நாள், பிள்ளைகள் அங்கேயே தங்கவேண்டும்.

வெளிவாசல் அருகே பின்னால் காலடிச் சத்தம். மகள்தான். மூச்சிரைக்க வந்து வழியை மறித்து நின்றாள். கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று, வெட்கம் கெட்டவள் நான், கையை நீட்டினேன். அவள் அசையவில்லை.

"வேற எதுல எல்லாம் இப்படிக் கூட்டிக் குறைச்சு எழுதியிருக்க?"

"என்னது?"

"ஸ்கூல்ல, ஆஸ்பத்திரில, எங்கேயாவது. என்னைப் பத்தி. உண்மையைச் சொல்லு."

பொய் சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியைத் தாண்டிவிட்டேன்.

"எட்டாம் கிளாஸ்ல ஏரிக்குக் கூட்டிட்டுப் போனாங்களே. உனக்கு நீச்சல் தெரியாதுன்னு எழுதினேன்."

"எல்லாரும் படகுல போனப்போ என்னை மட்டும் கரையில உட்கார வச்சாங்களே, அதுவா?"

"ஆமா."

"எனக்கு நீச்சல் தெரியும்மா! நீதான் கத்துக்க அனுப்பின!"

"தெரியும்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் உதட்டோரம் வேறு ஏதோ துடித்தது. சிரிப்பாகவும் இருக்கலாம், என்னை அடிக்க வருவதாகவும் இருக்கலாம்.

"இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"எத்தனை?"

"ஞாபகப்படுத்திப் பார்க்கணும். நிறைய."

உள்ளே பிசியோ அவளைக் கூப்பிட்டாள். "பத்து நிமிஷம்க்கா!" என்று திரும்பாமலே பதில் சொல்லிவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டினாள். "உட்காரு. ஒண்ணுவிடாம சொல்லு."

நான் உட்கார்ந்தேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்தேன்.