கதவுக்கு வெளியே வைத்த பெட்டி

டார்லீன் கோவாச் இதுவரை பத்தொன்பது கப்பல் பயணம் போயிருக்கிறாள். ஒன்றுக்காவது முழு விலை கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. ஓஹையோ மாநிலம் யங்ஸ்டவுனில் அவளுடைய தோழிகள் கூப்பன் வெட்டிச் சோப்பு வாங்குவார்கள். டார்லீன் அதே பொறுமையோடு கரீபியன் கடலையே வாங்கிவிடுவாள். கப்பல் யாருக்காகவும் நிற்காது, அதனால் முந்தின நாளே துறைமுக ஊருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது கப்பல் பைத்தியங்களின் வேதவாக்கு. இது ஓட்டல்காரர்களுக்கும் தெரியும். ஜனவரியில் ஃபோர்ட் லாடர்டேலில் ஒரு ராத்திரிக்கு இருநூற்றைம்பது டாலர் கூசாமல் கேட்பார்கள்.

டார்லீன் கண்டுபிடித்த ஓட்டல் நாற்பத்தொன்பது டாலர். எட்டு நாள் கார் நிறுத்த இடமும் அதற்குள் அடக்கம்.

"இந்த ஓட்டலப் பத்தி ஒருத்தர்கூட ஒரு வரி எழுதலையே, டார்லீன்," என்றான் அவள் கணவன் எமில், ஃபோனைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு.

"ஒருத்தரும் குறை சொல்லலைன்னு அர்த்தம். ஃபோன வச்சுட்டுத் தூங்கு."

எமில் தூங்கினான். ஓஹையோவிலிருந்து இரண்டு நாளாக அவள்தான் காரை ஓட்டினாள். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவனை இப்போது பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு வருவது அவளுக்குப் பிடிக்கவில்லை. அவனுடைய இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. கிளீவ்லாந்து ஆஸ்பத்திரியில் ஜனவரி ஒன்பதாம் தேதி ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். கப்பலோ பதினொன்றாம் தேதி. கட்டிய பணம் திரும்பி வராத டிக்கெட். டார்லீன் டாக்டரிடம் போய் மூன்று வாரம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டாள். "தள்ளிப்போடலாம். என் அப்பாவா இருந்தா நான் தள்ளிப்போட மாட்டேன்," என்றார் அவர். முதல் வாக்கியத்தை மட்டும் அவள் காதில் வாங்கிக்கொண்டாள். இரண்டாவது வாக்கியம் ஜார்ஜியா எல்லை தாண்டும்போது தானாக வந்து காதில் உட்கார்ந்துகொண்டது, இறங்கவே இல்லை.

இருட்டுகிற நேரத்தில் ஓட்டலை அடைந்தார்கள். இரண்டு மாடி, மங்கலான மஞ்சள் சுவர், வாசலில் ஒரு பனைமரம். கார் நிறுத்துமிடம் காலியாகக் கிடந்தது. எட்டு நாள் கார்களை விட்டுவிட்டுப் போகிறவர்களின் ஓட்டலில் கார்களே இல்லை என்பது டார்லீனின் கண்ணில் பட்டது. வாசலுக்கு ரொம்பப் பக்கத்தில் இடம் கிடைத்த சந்தோஷத்தில் அதை அவள் யோசிக்கவில்லை. தானமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவள் இல்லை அவள்.

மேஜைக்குப் பின்னால் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண்மணி இருந்தாள். சட்டையில் ஓப்பல் என்று பெயர் குத்தியிருந்தது.

"வாங்க மேடம், வாங்க சார். களைச்சுப் போயிருப்பீங்க," என்று எமிலைப் பார்த்துச் சொன்னாள். பிறகு சாம்பல் நிறத்தில் இரண்டு பெட்டிச் சீட்டுகளை எடுத்து வைத்தாள். இரண்டிலும் பதினான்கு என்று அச்சடித்திருந்தது. "எட்டு மணிக்குள்ள பெட்டியைக் கதவுக்கு வெளியே வச்சிடுங்க. எங்க ஆளுங்க எடுத்துக்குவாங்க. உங்க எண்ணைக் கூப்பிடுற வரைக்கும் ஒரு அவசரமும் இல்ல."

"பாத்தியா?" என்று டார்லீன் மாடிப்படியில் எமிலின் விலாவில் இடித்தாள். "இருநூத்தம்பது டாலர் வாங்குறவன்கூட இத செய்ய மாட்டான். பெட்டி நேரா கப்பலுக்கே போயிடும்."

மேல்மாடி நடைவழியில் ஒவ்வொரு கதவின் முன்னும் ஒரு பெட்டி நின்றது. சக்கரம் வைத்த பெட்டிகள், சக்கரமே இல்லாத பழைய தோல்பெட்டிகள், பித்தளைப் பூட்டுப் போட்ட ஒரு பச்சைப் பெட்டி. எல்லாவற்றிலும் சாம்பல் சீட்டு. ஒரு அறையிலிருந்தும் டிவி சத்தம் இல்லை, குழாய்ச் சத்தம் இல்லை, இருமல்கூட இல்லை. கப்பலுக்குப் போகிற கூட்டம் முந்தின ராத்திரி எவ்வளவு கூத்தடிக்கும் என்று டார்லீனுக்குத் தெரியும். அவளுக்கு முதுகில் லேசாகச் சில்லிட்டது. ஏசியை அதிகமாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஐஸ்பெட்டியில் கொண்டுவந்த வான்கோழி சாண்ட்விச்சைக் கட்டிலில் உட்கார்ந்து தின்றார்கள். எமில் பாதிதான் தின்றான். அப்புறம் தன் பெட்டியை நிதானமாக அடுக்கினான். துணிகளை மடித்து, ஷூவை வைத்து, பெல்ட்டைச் சுருட்டி, மேலே கையால் ஒருமுறை தடவி மூடினான். பத்தொன்பது பயணத்தில் அவன் இவ்வளவு அழகாக அடுக்கி அவள் பார்த்ததில்லை. சீட்டைப் பிடியில் மாட்டி, கதவுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தான்.

"உன்னோடது?"

"என்னோடத நான் தர மாட்டேன்பா." அவள் பெட்டியில் வாய் கொப்பளிக்கும் மருந்து பாட்டில்கள் இரண்டு இருந்தன. உள்ளே இருந்தது பச்சைச் சாயம் கலந்த விஸ்கி. கப்பலில் ஒரு கிளாஸுக்குப் பதினான்கு டாலர் அழுவதற்கு அவள் என்ன கோடீஸ்வரியா? "மோந்து பாத்துட்டா மானம் போயிடும். நாளைக்கு நானே இழுத்துட்டுப் போறேன்."

பத்து மணிக்கு எமிலின் மாத்திரை நேரம். டார்லீன் கைப்பையில் தேடினாள், குளியலறையில் தேடினாள். மாத்திரை டப்பாவைக் காணோம்.

"அதையும் பெட்டியில போட்டுட்டியா? உனக்குப் புத்தி இருக்கா, எமில்?"

அவன் கண்களை மூடியபடியே, "விடு, டார்லீன்," என்றான்.

அவள் கதவைத் திறந்தாள். நடைவழி முழுவதும் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஒரு பெட்டிகூட இல்லை. சக்கரம் உருளும் சத்தம் ஒன்றும் அவள் கேட்கவில்லை.

கீழே வரவேற்பறையில் பதினைந்து இருபது பேர் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. ஓப்பல் மேஜையில் இல்லை. வாசலோரம் கோடு போட்ட பைஜாமாவில், வெறுங்காலோடு ஒரு ஆள் இருந்தார். அவரைப் பார்த்ததும் டார்லீனுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. கப்பலில் இது பழைய கதை. இருக்கிற துணி எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு வெளியே வைத்துவிட்டு, காலையில் பைஜாமாவோடு நிற்கிற ஆள் ஒவ்வொரு பயணத்திலும் ஒருவர் உண்டு.

"எல்லாத்தையும் உள்ள வச்சுட்டீங்களா?" என்று கேட்டாள்.

"பல்லு உட்பட," என்றார் அவர், பொக்கை வாயால் சிரித்து. "முதல் தடவை வர்றவன் பண்ற தப்பு."

"நாளைக்கு எந்தக் கப்பல்ல ஏறுறீங்க?"

அவர் அவளைப் புரியாமல் பார்த்தார். "ஏறவா? இல்லம்மா. இறங்கத்தானே எல்லாரும் உக்காந்திருக்கோம்."

கூரையிலிருந்த ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல், ரொம்ப மரியாதையாக, "பதினொன்று," என்றது. மூலையிலிருந்து ஒரு கிழவி எழுந்தாள். பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு பின்பக்கக் கதவைத் திறந்து வெளியே போனாள். டார்லீன் எட்டிப் பார்த்தாள். வேன் இல்லை, விளக்கு இல்லை, தரை இருப்பதாகவும் தெரியவில்லை. கதவு மெதுவாகத் தானே மூடிக்கொண்டது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பத்தொன்பது முறை செய்த வேலை. பழக்கத்தில் அவள் யோசிக்கவே இல்லை, செக்குமாடு சுற்றுவதுபோல. பெட்டிக்கு எண் போட்டுக் கதவுக்கு வெளியே வைப்பதும், எண்ணைக் கூப்பிடும்வரை உட்கார்ந்திருப்பதும் கப்பலில் ஏறுவதற்கு முந்தின ராத்திரி செய்கிற வேலை இல்லை. பயணம் முடிந்து இறங்குவதற்கு முந்தின ராத்திரி செய்கிற வேலை.

பக்கத்து அறையில் பெட்டிகள் வரிசை வரிசையாக நின்றன. ஓப்பல் அங்கே நடந்து நடந்து சீட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். எமிலின் நீலப் பெட்டி மூன்றாவது வரிசையில் இருந்தது. டார்லீன் ஓடிப் போய் அதன் பிடியைப் பற்றி இழுத்தாள். தரையோடு ஒட்டி வார்த்ததுபோல் அது அசையவில்லை.

"நீங்க வச்ச பெட்டி இல்லையே மேடம்," என்றாள் ஓப்பல். குரலில் கோபமே இல்லை; அதுதான் பயமாக இருந்தது. "வச்சவர் வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துக்கலாம். யாரையும் நாங்க கட்டாயப்படுத்துறதில்ல."

"பன்னிரண்டு," என்றது ஒலிபெருக்கி.

டார்லீன் அறுபத்தேழு வயதில் படிகளை இரண்டிரண்டாக ஏறினாள். எமில் கட்டிலின் விளிம்பில், வெறும் காலுறையோடு உட்கார்ந்திருந்தான். தலைமுடியைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான்.

"எழுந்திரு எமில்! அந்தப் பெட்டிய எடுக்கணும். இது வந்து... இது என்ன இடம்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்," என்றான் அவன். "நானும் பத்தொன்பது தடவை உன்கூட வந்தவன்தானே? பெட்டியை எப்ப வெளிய வைப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சேவா வச்ச?"

"அந்தம்மா சீட்டைக் கையில குடுத்ததும் மனசு அப்படியே லேசாயிடுச்சு, டார்லீன். எங்கப்பா அந்த ஆபரேஷன் மேஜையிலதான் போனார். நெஞ்சைப் பிளந்து போட்டிருந்தாங்க. எனக்கு அது வேணாம். இப்படிப் பேரு சொல்லாம, வலிக்காம, நம்பரைக் கூப்பிட்டா எழுந்து போயிடலாம்."

"நாந்தான் காரணம். டிக்கெட் காசு போயிடுமேன்னு உன் தேதிய மாத்துனவ நான். பாவி நான்தான்."

"நீ கேக்கலைன்னா நானே கேட்டிருப்பேன். நீ கேட்டப்ப உன்னைக் கட்டிப்பிடிச்சு முத்தம் குடுக்கணும்போல இருந்தது."

இதற்கு மேல் அவனிடம் கெஞ்சிப் பிரயோஜனமில்லை என்று நாற்பத்தொரு வருஷத்து மனைவிக்குத் தெரியும். எமிலிடம் கெஞ்சினால் அவன் இன்னும் கெட்டியாவான். டார்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேஜைமேல் கிடந்த இரண்டாவது சாம்பல் சீட்டை எடுத்தாள். தன் பெட்டியின் பிடியில் மாட்டினாள். கதவைத் திறந்து, பெட்டியை இழுத்துக்கொண்டு போய் வெளியே வைத்துவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன பண்ற நீ?"

"நானும் வரேன். ஒரே நம்பர்தானே?"

"உனக்கென்ன வந்தது? உன் உடம்புல ஒரு கோளாறும் கிடையாது. பைத்தியமா?"

"இருக்கட்டும். நீ இல்லாத வீட்ல நான் யாரைத் திட்டிக்கிட்டு இருக்கிறது?" அவனைப் பயமுறுத்தத்தான் பெட்டியை வெளியே வைத்தாள். வைத்த பிறகு பார்த்தால் அது உண்மையாகவே இருந்தது. நெஞ்சு முழுக்கப் பயம், ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை.

எமில் அவளையே பார்த்தான். அவன் முகம் சிவந்தது. எத்தனையோ மாதமாக அந்த முகத்தில் அவ்வளவு ரத்தத்தை அவள் பார்த்ததில்லை. "பிடிவாதக்காரி! கழுதை!" என்று கத்திக்கொண்டே எழுந்தான். கதவைத் திறந்தான். அவள் பெட்டி அங்கே இல்லை.

அவன் அப்படி ஓடி அவள் பார்த்து மூன்று வருஷம் இருக்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு இரைக்க, காலுறை வழுக்க, படிகளில் இறங்கினான். டார்லீன் பின்னாலேயே ஓடினாள். ஓப்பல் கையெழுத்து நோட்டை அவன் முன் நகர்த்தினாள். "பதிமூன்று," என்றது ஒலிபெருக்கி. பைஜாமா ஆள் எழுந்து, பொத்தான்களைச் சரிசெய்துகொண்டு, டார்லீனுக்குத் தலையசைத்துவிட்டுப் போனார். எமில் தன் பெயரைக் கிறுக்கி, பேனாவை அவள் கையில் திணித்தான். டார்லீன் தன் பெயரைக் கிறுக்கினாள்.

"அப்ப சரி, சார். வேற ஒரு நாளைக்கு," என்றாள் ஓப்பல்.

பெட்டிகள் இப்போது இலேசாக வந்தன. ஆளுக்கு ஒன்றாக இழுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே வந்தார்கள். டார்லீன் காரின் பின்கதவைத் திறந்து இரண்டையும் உள்ளே எறிந்தாள், மாத்திரை டப்பாவைத் துழாவி எடுத்தாள், ஓட்டுகிற பக்கம் ஏறி எஞ்சினைக் கிளப்பினாள். காலைக்குள் ஜார்ஜியா, அங்கிருந்து கிளீவ்லாந்து ஆஸ்பத்திரிக்கு ஃபோன். கப்பல் போனால் போகட்டும்.

எமில் இன்னும் ஏறவில்லை. கார்க் கதவில் கைவைத்தபடி நின்றான். ஓட்டலின் கண்ணாடி வழியாக அந்தக் குரல் இதமாக, அவசரமில்லாமல், இங்குவரை கேட்டது.

"பதினான்கு."

அவன் கழுத்து அந்தப் பக்கம் திரும்பியது. கார்க் கதவின் மேல் இருந்த கை தளர்வதை டார்லீன் பார்த்தாள்.

"கூப்பிடுறாங்க, டார்லீன்," என்றான், தூக்கத்தில் பேசுகிறவன்போல.

"நானுந்தான் கூப்பிடுறேன்," என்றாள் அவள். "எனக்கு நம்பர் எல்லாம் சொல்லத் தெரியாது. எமில். எமில் கோவாச். ஏறு."

குரல் மறுபடி எண்ணைச் சொன்னது. பனைமரத்து ஓலைகூட அசையவில்லை. எமில் காலுறையோடு தார்த்தரையில் நின்றுகொண்டே இருந்தான்.

பிறகு குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்தான். "எனக்கு ரொம்பப் பயமா இருக்கு," என்றான்.

"எனக்கும்தான். மத்தக் கால உள்ள வை."

வைத்தான். கதவைச் சாத்தினான். சீட் பெல்ட்டை இழுத்து மாட்டத் தெரியாமல் அவன் விரல்கள் தடுமாறின. அவள் கைநீட்டி வாங்கி அதை மாட்டிவிட்டாள். அது பூட்டிக்கொண்ட சத்தம் கேட்ட பிறகுதான் காரை நகர்த்தினாள்.