மாப்பிள்ளை கேட்டு வந்தவள்

அகல்யா நிர்மல் வீட்டு இரும்புக் கேட்டின் கொண்டியைத் தட்டியபோது மணி பத்தேகால். திருநின்றவூர் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும் வழியெல்லாம் ஒரே பேச்சைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். "உங்க பையன்கிட்ட என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியான்னு கேக்கப்போறேன். அதுக்கு முன்னாடி உங்க ஆசீர்வாதம் வேணும்." பேச்சு நன்றாகத்தான் இருந்தது. பெண் கேட்டுப் போகிறவர்கள் பெரியவர்களோடு, தட்டோடு போவார்கள். மாப்பிள்ளை கேட்டுத் தனியாகப் போகிறவள் என்ன கொண்டுபோக வேண்டுமென்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆவடி மார்க்கெட்டில் ஒரு டஜன் ஆரஞ்சும் நான்கு முழம் மல்லியும் வாங்கி வந்திருந்தாள்.

அவளும் நிர்மலும் அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஒரே பிரிவு. இரண்டு வருடமாக நெருக்கம். அவனே கேட்பான் என்று காத்திருந்து பார்த்தாள். கேட்கிறவன்போல் வாயைத் திறப்பான், பிறகு சாப்பிட்டாயா என்பான். அவளுக்கு ஏற்கனவே கல்யாணமாகிப் பதினோரு மாதத்தில் முறிந்துபோனது அவனுக்குத் தெரியும். அதை வீட்டில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் தவிக்கிறான் என்பது அவளுக்கும் தெரியும். சரி, நாமே கேட்டுவிடலாம் என்று தீர்மானித்தாள். ஆனால் அவனைச் சம்மதிக்கவைத்துவிட்டுப் பெற்றவர்களிடம் சண்டைக்கு அனுப்ப அவளுக்கு மனமில்லை. முதலில் அவர்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை, அவனுக்குக் காலை ஷிப்ட், வீட்டில் இருக்கமாட்டான்.

கேட்டைத் திறந்தவள் அவன் அம்மா சரசா. ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்து வந்தாள்.

"நிர்மல்கூட வேலை செய்யறேன்மா. உங்க ரெண்டு பேரையும் பாக்கணும்னு..."

"நல்ல நேரத்துல வந்தே கண்ணு. எங்க வூட்டுக்காரரு மாடில தண்ணி டேங்க்க கழுவ உள்ள எறங்கிக்கினு கீறாரு. பக்கெட்ட வாங்கி ஊத்த ஆளில்ல. எனக்கு முட்டிவலி, ஏற முடியாது. கொஞ்சம் போயி வாங்கி ஊத்துறியா?"

அகல்யா பழத்தையும் பூவையும் அவளிடம் கொடுத்துவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு மாடியேறினாள். மொட்டைமாடி மூலையில் கறுப்பு டேங்க். அதன் வாயிலிருந்து ஒரு பக்கெட் மட்டும் மேலே வந்து நின்றது. அவள் வாங்கிச் சேற்றுத் தண்ணீரைக் கொட்டினாள். இரண்டாவது, மூன்றாவது. நான்காவது பக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, இப்போது சொல்லாவிட்டால் இறங்கிப் பேசாமல் போய்விடுவோம் என்று தோன்றியது. குனிந்து டேங்க்குக்குள் சொன்னாள்.

"இன்னாது?" என்றது உள்ளேயிருந்து நிர்மலின் அப்பா நடேசனின் குரல். ஆவடி தொழிற்சாலையில் முப்பது வருடம் இயந்திரச் சத்தத்தில் நின்றவர். "காது கேக்கலம்மா. சத்தமா சொல்லு."

"உங்க பையனை நான் கல்யாணம் பண்ணிக்கணும்! உங்க சம்மதம் வேணும்!"

பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்ணின் கை கொடியிலேயே நின்றது. கீழே தெருவில் ஒரு ஸ்கூட்டர் அணைந்தது. டேங்க்குக்குள் தேய்க்கும் சத்தம் நின்றுவிட்டது. சொல்ல வேண்டியதில் பாதிதான் முடிந்திருந்தது. மீதியை மெதுவாகச் சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! மெதுவாகவே சொல்லிப் பார்த்தாள்.

"இன்னாது?"

அகல்யா கண்ணை மூடிக்கொண்டாள். "எனக்கு ஏற்கனவே ஒரு கல்யாணம் ஆச்சு! டைவர்ஸும் ஆயிடுச்சு! நிர்மலுக்குத் தெரியும்! உங்களுக்கும் தெரியணும்!"

கத்தி முடித்ததும் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. இனி யாரும் அவளைப் பற்றி யாரிடமும் ரகசியமாகச் சொல்ல எதுவுமில்லை. திரும்பினால், ஏற முடியாத சரசா கடைசிப் படியில் சுவரைப் பிடித்து மூச்சுவாங்க நின்றிருந்தாள்.

"அவன் இன்னா சொன்னான்?"

"இன்னும் கேக்கலம்மா. உங்கள கேட்டுட்டுதான்..."

"அவங்கிட்ட கேக்கவே இல்லியா!" சரசாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நடேசனின் தலை வெளியே வந்தது. சிரிக்கவில்லை. நெற்றியில் பாசி ஒட்டியிருந்தது. அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"எதுக்கும்மா முறிஞ்சுது?"

"நான் வேலைய விடணும்னாங்க. விடல. அப்புறம் ஒருநாள் கை ஓங்கினாரு. அன்னைக்கே வந்துட்டேன்."

அவர் ஒரு கையை நீட்டினார். அவள் இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தாள். அவர் வெளியே வந்து விழுந்தபோது இருவரும் நனைந்து போனார்கள்.

"சரசா, நீ இன்னா சொல்ற?"

"நான் சொல்லணுமா? இந்த முட்டிய வெச்சிக்கினு ஏறி வந்துகீறேன்."

"எனக்குக் கொஞ்சம் பயமாத்தான் கீது," என்றார் நடேசன். "ஊரு பேசும். இப்பவே பாதி ஊரு கேட்டுக்கினு போயிருக்கும். பேசட்டும். அவன் சரின்னா எனக்கும் சரி."

"சரசாக்கா, பாயசம் உண்டா?" என்றாள் பக்கத்து மாடிக்காரி.

அகல்யா ஆசீர்வாதம் வாங்கக் குனிந்தாள். "இரு இரு, கை அழுக்கு," என்று நடேசன் குழாயைத் திருகினார். டேங்க் காலி, தண்ணீர் எப்படி வரும்? கையைக் கைலியில் துடைத்துவிட்டு அவள் தலையில் வைத்தார்.

சாப்பிடாமல் விடவில்லை. அவன் வரும்வரை இரு என்றாள் சரசா. இல்லைம்மா, அவர்கிட்ட தனியா கேக்கணும் என்று அகல்யா கிளம்பினாள்.

திருநின்றவூர் ஸ்டேஷனில் மூன்று மணி வண்டி வந்து நின்றபோது நிர்மல் மூன்றாவது பெட்டியிலிருந்து இறங்கினான். டிபன் பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தவன் அவளைப் பார்த்தான். சேற்றுக்கறை படிந்த சுடிதார், சரசா வைத்துவிட்ட பூ, தலையெல்லாம் கலைந்து.

"நீ எங்க இங்க? இன்னா ஆச்சு?"

அவனைப் பெற்றவர்களிடம் சொல்ல வழியெல்லாம் ஒத்திகை பார்த்தவளுக்கு, அவனிடம் சொல்ல ஒரு வார்த்தைகூடத் தயாராக இல்லை. வண்டி நகரத் தொடங்கியது. பெட்டி பெட்டியாக அவர்களைக் கடந்து சத்தம் கூடிக்கொண்டே போனது. அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்து அருகே இழுத்து, அவன் காதில் கேட்டாள்: "என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?"