ஆந்தையின் இடது கண்

பூட்டுக்காரர் தன் பூட்டுகளில் ஆந்தை முத்திரை குத்தி வந்தார். ஊரின் மறுகோடியில் இன்னொருவர் 'ராஜ ஆந்தை' பூட்டு செய்துவந்தார். பல வருஷமாக ஒருவரை ஒருவர் அறியார். புதிதாகத் திறந்த மொத்த விற்பனைக் கடை இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்ததும் வந்தது வினை. பூட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை, வழக்குப் போட்டார்.

"ஒண்ணுபோல இருக்குன்னா மட்டும் பத்தாது. யாராவது மாத்தி வாங்கி ஏமாந்திருக்கணும்," என்றார் வக்கீலம்மா.

ஏமாந்தேன் என்று ஒப்புக்கொள்ள ஊரில் ஒருவரும் இல்லை. அலுத்துப்போய்த் தன் பட்டறைக் கதவைப் பூட்டப் போனவர், கையிலிருந்த பூட்டை உற்றுப் பார்த்தார். ஆந்தையின் தலையில் கிரீடம் இருந்தது.

"பழசு துருப்பிடிச்சிருச்சு. ஆந்தைப் பூட்டுன்னு கேட்டேன், கடையில குடுத்தாங்க," என்றாள் மனைவி.

"பட்டறை நிறைய பூட்டு கிடக்கே?"

"விக்கிற சரக்குல கை வைக்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க."

கோபம் தலைக்கேறுமுன் சந்தோஷம் முந்திக்கொண்டது. சாட்சி வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள்.

ஆனால் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் மனைவியை விட்டுவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டார். "தினமும் இதைத் திறந்தது நீங்கதானே? உங்க பூட்டு இல்லைன்னு தெரிஞ்சுதா?"

தெரிந்தது என்றால் வழக்கு போச்சு. தெரியவில்லை என்றால் மானம் போச்சு.

"தெரியலைங்க. எவ்வளவு நல்லா செஞ்சிருக்கேன்னு எனக்கே பெருமையா இருந்துச்சு."

கோர்ட்டே சிரித்தது. எதிராளி மட்டும் கைகூப்பினார்.

இரண்டு பேரும் நேர்மையாகப் பிழைப்பவர்கள், இரண்டு ஆந்தையும் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் நீதிபதி. அடையாளம் தெரிவதற்காக, பூட்டுக்காரரின் ஆந்தை இடது கண்ணையும் ராஜ ஆந்தை வலது கண்ணையும் மூடிக்கொள்ள வேண்டும்.

புதுப் பூட்டுகள் கடைக்கு வந்தன. இரண்டு ஆந்தைகளும் ஒரே பக்கம் கண்ணடித்தன. போதாக்குறைக்கு, இனி எதற்கு என்று எதிராளி கிரீடத்தையும் எடுத்துவிட்டிருந்தார்.

பூட்டுக்காரர் சண்டைக்குக் கிளம்பினார். எதிராளியும் கிளம்பியிருந்தார். நடுத்தெருவில் சந்தித்தார்கள்.

"ஆந்தைக்கு எது இடதோ அதுதாங்க கணக்கு," என்றார் பூட்டுக்காரர்.

"பாக்குறவங்களுக்கு எது வலதோ அதுதாங்க கணக்கு. ஆந்தையா வந்து பூட்டு வாங்குது?"

இருவரும் சேர்ந்தே போய் விளக்கம் கேட்டு மனுப் போட்டார்கள். முடிவாகும்வரை இரண்டு ஆந்தைகளும் இரு கண்ணையும் மூடியிருக்கட்டும் என்று உத்தரவாயிற்று.

வியாபாரம் சூடு பிடித்தது. ஜனங்கள் 'தூங்குற ஆந்தை' என்று கேட்டே வாங்கினார்கள். அந்தப் பெயரை மொத்த விற்பனைக் கடைக்காரர் சத்தமில்லாமல் தன் பெயரில் பதிவு செய்துகொண்டு, இருவருக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்.

இப்போது இருவருக்கும் ஒரே வக்கீலம்மா.