மாத்துக்கு மாத்து

ஞாயிற்றுக்கிழமை காலையில் கலைமதி சாப்பிடலாம் என்று சமையலறைக்குள் நுழைந்தபோது அவளுடைய தட்டு கவிழ்ந்து கிடந்தது. அவளே உலை வைத்து அவளே வடித்த சோறு அடுப்போரம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மாமியாருக்கும் புருஷனுக்குமான இரண்டு தட்டுகள் நிமிர்ந்திருந்தன. மூன்றாவது மட்டும் குப்புறக் கிடந்தது.

அந்த வீட்டில் அவள் தட்டு கவிழ்ந்தால், எண்பது கிலோமீட்டர் தள்ளி, ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் அவளுடைய அம்மா வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். பிறந்த வீட்டுச் சேதியைக் கடிதத்தில் படிக்கிறவர்கள் உண்டு, போனில் கேட்கிறவர்கள் உண்டு. கலைமதி நாலு வருஷமாகத் தட்டில்தான் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

"இன்னா பாக்கற?" வாசற்படியில் நின்று கேட்டாள் மாமியார் சந்திரம்மாள். "நேத்து எம்பொண்ணு பட்டினியாம். கொழம்புல உப்பு ஜாஸ்தின்னு உங்கம்மா அவ தட்ட புடுங்கிக்கினாளாம். அவ வயிறு காயறப்ப ஒனக்கு இன்னா சோறு?"

"எங்கம்மா பண்ணதுக்கு நான் இன்னா அத்தை செய்வேன்?"

"நீ ஒண்ணும் செய்ய வேணாம். அவள மாதிரி சும்மா குந்திக்கினு இரு."

சிவசங்கர் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை அவனுக்கு. லைனில் ஒரு ஸ்க்ரூ தவறினால் சூப்பர்வைசரிடம் சண்டைக்குப் போகிறவன், எதிரே பெண்டாட்டி பசியோடு நிற்பதைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ரசம் கேட்டான். அவள்தான் ஊற்றினாள்.

இதற்கெல்லாம் பெயர் மாத்துக் கல்யாணம். சேரப்பணஞ்சேரியில் இருக்கும் சிவசங்கருக்குக் கலைமதியைக் கட்டினார்கள். அதே பந்தலில், அதே முகூர்த்தத்தில், சிவசங்கரின் தங்கை லீலாவைக் கலைமதியின் அண்ணன் நரசிம்மனுக்குக் கட்டினார்கள். அந்த வீட்டுப் பெண் இங்கே, இந்த வீட்டுப் பெண் அங்கே. நகை இல்லை, சீர் இல்லை, ஸ்கூட்டர் இல்லை. வரதட்சணை வாங்காத குடும்பங்கள் என்று கல்யாணத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்துக் கால் மணி நேரம் புகழ்ந்தார். ஆளுக்கொரு பெண்ணை அடமானமாக வாங்கிக்கொண்டார்கள் என்பதை அந்த மனுஷர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

அங்கே லீலாவுக்குப் பொங்கலுக்குப் புடவை எடுக்கவில்லையா, இங்கே கலைமதிக்குத் தீபாவளிக்குப் புடவை கிடையாது. முதலில் அவர்கள் அனுப்பட்டும் என்று இரண்டு வீடும் சொல்ல, இரண்டு பெண்களும் அம்மா வீட்டு வாசலை மிதித்து இரண்டு வருஷம் ஆகிறது. நரசிம்மன் கை நீட்டினான் என்று சேதி வந்த அன்று சிவசங்கர் ஷிப்ட் முடிந்து வந்தான். கலைமதியைக் கூப்பிட்டு ஓர் அறை விட்டான். கோபத்தில் அடித்திருந்தாலாவது மனசு ஆறும். அவன் முகத்தில் கோபமே இல்லை. அடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். அன்றிலிருந்து கலைமதிக்கு அவனைவிட லீலாவின் மேல்தான் வெறுப்பு. அவள் ஒழுங்காக இருந்து தொலைத்தால் எனக்கு ஏன் இந்தக் கதி என்று வயிறெரிந்தாள். அங்கே லீலாவும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள் முன்பு படப்பை சமுதாயக் கல்லூரியிலிருந்து ஒரு சிஸ்டர் தெருவுக்கு வந்து நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பத்தாவது தேறிய பெண்களுக்கு எலெக்ட்ரானிக்ஸ் படிப்பு, ஒரு வருஷம். முடித்தால் சுற்றிலும் முளைத்துவரும் கம்பெனிகளில் வேலைக்கு வழி உண்டு. கலைமதி பத்தாவது தேறியவள். ரேஷன் கடைக்குப் போகிற சாக்கில் கல்லூரிக்கே போய்க் கேட்டாள்.

"ஆந்திராவில் படிச்சியாம்மா? வெளி மாநிலச் சர்டிபிகேட்டுக்குக் கட்டணம் மூணு மடங்கு ஆகுமே," என்றார் சிஸ்டர். அவள் முகம் செத்ததைப் பார்த்து அவரே சொன்னார். "ஒரு வழி இருக்கு. எல்லைக்கு அந்தப் பக்கம் எங்க சபையே இன்னொரு கல்லூரி நடத்துது. தமிழ்நாட்டுப் பிள்ளை ஒண்ணு அங்கே சேர்ந்தா, ஆந்திராப் பிள்ளை ஒண்ணு இங்கே சேரலாம். ரெண்டு பேருக்கும் உள்ளூர்க் கட்டணம்தான். அந்த மாதிரி யாராவது இருக்காங்களா?"

கலைமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இல்லாமலென்ன, இருக்கிறாளே ஒருத்தி. கல்லூரிகள் கூட மாத்து போடுகின்றன. ஆனால் இந்த மாத்தில் யாரும் அடி வாங்கவில்லை, இரண்டு பக்கமும் ஏதோ கிடைக்கிறது. இப்படியும் ஒரு மாத்து உண்டா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் பயந்து பயந்து சொன்னாள். லீலாவும் படிக்கலாம் என்பதை அழுத்தியே சொன்னாள்.

"மொதல்ல எம்பொண்ணு போவட்டும்," என்றாள் சந்திரம்மாள். "அவ சேந்துட்டான்னு சேதி வரட்டும். அப்பறம் ஒன்னப் பத்திப் பேசலாம்."

வெள்ளிக்கிழமை அம்மா முனியம்மாள் போனில் வந்தபோது கலைமதி அவளிடமும் கெஞ்சினாள். அம்மா பெற்றவள் அல்லவா. பெற்றவள் சொன்னாள்: "மொதல்ல அவுங்க ஒன்ன அனுப்பட்டும். எம்பொண்ணு அடுப்பூதறப்ப அவ பொண்ணு பை மாட்டிக்கினு படிக்கப் போறதா?" சேர்வதற்குக் கடைசி நாள், வருகிற திங்களை விட்டு அதற்கடுத்த திங்கட்கிழமை.

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கலைமதி வெறும் வயிற்றோடு இருந்தாள். மாமியார் தெருவில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள், சிவசங்கர் தூங்கினான். அவள் எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்து, அம்மா வீட்டுக்கு எதிர்க்கடை நம்பரைப் போட்டு லீலாவைக் கூப்பிடச் சொன்னாள். நாலு வருஷத்தில் முதல் தடவை.

"அண்ணி, நான் கலைமதி."

இரண்டு பேருக்குமே மற்றவள் அண்ணன் பெண்டாட்டி. அதனால் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் அண்ணி.

"இன்னா, சோறு துன்னியான்னு கேக்க வந்தியா?" என்றாள் லீலா. "ஒன்னாலதான் நேத்து எனக்கு இல்ல."

"என்னாலயா? உப்பு ஜாஸ்தின்னு சொன்னாங்க."

"உப்பெல்லாம் சும்மா. வெள்ளிக்கெழம எங்கம்மா ஒனக்கு காபி குடுக்கலியாம். போன்ல நீ சொன்னியாம். அதுக்குத்தான் உங்கம்மா எந்தட்ட புடுங்கிச்சு."

கலைமதி யோசித்தாள். பேச்சுவாக்கில், இன்னும் காபி கூடக் குடிக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னது நினைவுக்கு வந்தது.

"அண்ணி, வெள்ளிக்கெழம பால் திரிஞ்சி பூட்ச்சி. இங்க யாருக்குமே காபி இல்ல."

இரண்டு மாநிலத்தில் இரண்டு வயிறு காய்ந்ததற்குக் காரணம் அரை லிட்டர் பால். இதைக் கேட்டு அழுவதா சிரிப்பதா.

"உங்கம்மா எனக்குப் பண்றத எங்கம்மா ஒனக்குப் பண்ணுது," என்றாள் லீலா மெதுவாக. "கேட்டா, பெத்த பாசம்."

"அந்தப் பாசத்துல இடி விழ."

லீலா சிரித்தாள். கலைமதி அவள் சிரிப்பை இதுவரை கேட்டதில்லை. கல்லூரியைப் பற்றி அவளிடம் யாரும் மூச்சு விடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கலைமதி எல்லாவற்றையும் சொன்னாள்.

"எம் மார்க் ஷீட்டு எங்கம்மா பீரோவுல கீது. ஒன்னுது இங்க டிரங்குப் பெட்டியில கீது," என்றாள் லீலா. "என்னுத நீ எடுக்கணும், ஒன்னுத நான் எடுக்கணும்."

"நான் அனுப்பி நீ அனுப்பலன்னா?"

"எனக்கு மட்டும் அந்த பயம் இல்லியா?" என்றாள் லீலா.

செவ்வாய்க்கிழமை சந்திரம்மாள் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தபோது கலைமதி பீரோவைத் திறந்தாள். லீலாவின் மார்க் ஷீட் ஒரு பட்டுப் புடவையின் மடிப்பில் பத்திரமாக இருந்தது. பத்தாவதுக்கு மேல் பெண்ணைப் படிக்கவிடாதவள் பெண்ணின் மார்க் ஷீட்டைப் பட்டில் பொதிந்து வைத்திருக்கிறாளே என்று ஒரு கணம் கை தயங்கியது. கணக்கில் லீலா தொண்ணூற்றிரண்டு. கலைமதி அதை ஜாக்கெட்டுக்குள் செருகி, படப்பை தபாலாபீசில் எல்லைக்கு அந்தப் பக்கக் கல்லூரி முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் இருக்கின்றனவே, அவற்றைப் பகையாளிக்கும் கொடுக்கக்கூடாது. பீரோவைத் திறந்து மாமியார் பார்த்தால் என்ன ஆவது? லீலா ஏமாற்றினால்? எனக்கு நல்லது செய்ய அவளுக்கு என்ன தலையெழுத்து? நான் வாங்கிய ஒவ்வோர் அடிக்கும் அவளும் வாங்கியிருக்கிறாள். படிக்கிற ஆசை ஒரு பக்கம், பழி தீர்க்கிற ஆசை ஒரு பக்கம். எது ஜெயிக்கும் என்று கலைமதிக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை, சிவசங்கர் ஷிப்டுக்குப் போனதும், மாமியாரிடம் ரேஷன் கடை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்துத் தைத்துச் சேர்த்த பணம் உள்ளூர்க் கட்டணத்துக்குத்தான் போதும். மூன்று மடங்கு என்றால் திரும்பி வர வேண்டியதுதான். சிஸ்டர் அவளைப் பார்த்ததும் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்துக் கொடுத்தார்.

"உனக்குன்னு வந்திருக்கு. காலையில அந்தக் கல்லூரியிலேர்ந்து போனும் வந்துச்சு. லீலான்னு ஒரு பொண்ணு கதவு திறக்கிறதுக்கு முன்னாடியே வந்து நின்னுச்சாம்."

கவருக்குள் அவளுடைய மார்க் ஷீட் இருந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு. 'உங்கம்மா பெட்டிச் சாவிய இடுப்புலயே சொருகிக்கினு கீது. மத்தியானத் தூக்கத்துல உருவினேன். பயமாத்தான் கீது. நீ சேந்துடு.' கலைமதி அங்கேயே நின்று அழுதாள். சிஸ்டர் தண்ணீர் கொடுத்தார்.

பணம் கட்டிச் சேர்ந்துவிட்டுச் சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது மாமியாரும் புருஷனும் காத்திருந்தார்கள். யாரோ தெருக்காரர்கள் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

"எங்கடி போன?" என்றாள் சந்திரம்மாள்.

"காலேஜுல சேந்துட்டேன் அத்தை."

சிவசங்கர் எழுந்தான், கையை ஓங்கினான். கலைமதி நகரவில்லை.

"அடிங்க. இந்த அடி அடுத்தது எங்க உழும்னு தெரியும் இல்ல? ஒங்க தங்கச்சியும் இன்னிக்கி அங்க சேந்துட்டா."

ஓங்கிய கையைச் சந்திரம்மாள் பாய்ந்து பிடித்தாள். மருமகளுக்காக அல்ல.

"மொதல்ல அவ போவட்டும்னு நீங்க சொன்னீங்க," என்றாள் கலைமதி. "மொதல்ல நான் போவணும்னு எங்கம்மா சொல்லிச்சு. சண்டை இன்னாத்துக்குன்னு ரெண்டு பேரும் ஒரே நாள்ல பூட்டோம்."

அந்த நேரத்தில் சிவசங்கரின் செல்போன் அடித்தது. முனியம்மாள்தான். அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது. என் பெண்ணை அடித்தீர்களா, அடித்திருந்தால் இங்கே உன் பெண் நிலைமை வேறு என்று கத்தினாள்.

"இல்ல சம்மந்தி, யாரும் அடிக்கல," என்றாள் சந்திரம்மாள். "ஒம்பொண்ணு நல்லா கீறா. எம்பொண்ண ஒண்ணும் சொல்லிடாத. அவ படிக்கட்டும். இவளும் படிக்கட்டும்." நாலு வருஷத்தில் அந்த வீட்டில் கலைமதிக்குச் சாதகமாகப் பேசிய முதல் பேச்சு அதுதான். அதையும் போனில், வேறொருத்தியிடம்தான் சொன்னாள்.

அன்று அவள் தட்டு நிமிர்ந்திருந்தது.

மறுநாள் காலை கலைமதி கிளம்பும்போது சந்திரம்மாள் ஒரு டிபன் பாக்ஸை அவள் முன்னால் வைத்தாள். கலைமதி திறந்து பார்த்தாள். புளிச்சோறு, மேலே ஓர் அவித்த முட்டை.

"முட்டை வெச்சிக்கீறேன்," என்றாள் சந்திரம்மாள். "வெச்சேன்னு உங்கம்மாவுக்குச் சொல்லிடு. எம்பொண்ணுக்கு அங்க இன்னா வெக்கறாங்கன்னும் கேட்டுக்கினு வா."

"இது எனக்கு வெச்சதா, லீலா அண்ணிக்கு வெச்சதா?"

"ரெண்டும் ஒண்ணுதானேடி."

"அப்ப இது அண்ணிது."

கலைமதி அந்த முட்டையை எடுத்துத் தன் தட்டின் நடுவில் வைத்தாள். டிபன் பாக்ஸை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அவ வரப்ப குடுங்க அத்தை. எனக்குன்னு என்னிக்காவது அவிச்சீங்கன்னா சொல்லுங்க, துன்றேன்."

படப்பை பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனாள். லீலா இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. சந்திரம்மாள் அந்த முட்டையைப் பார்த்துக்கொண்டு சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.